பள்ளத்தாக்கின் புகார்ப்பெட்டி

“மொதல்ல திட்டி முடிச்சிடுங்க அண்ணே. டீயை அப்புறமா குடிச்சுக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே அக்கா, ஆட்டுக்காரரின் வீட்டுப் படியில் உட்கார்ந்து, சேறு அப்பிய பூட்ஸை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றுகிறார். பூட்ஸ் கணவருடையது. இரண்டு அளவு பெரிது என்பதால் முன்பக்கத்தில் பழைய துணியை அடைத்து வைத்திருக்கிறார்.

ஆட்டுக்காரருக்கு இதற்கு மேல் அழைப்பு தேவையில்லை. யாரைக் கேட்டு ஓடைக்கரையில் வேலி போட்டீர்கள், இனிமேல் என் ஆடுகள் தண்ணீர் குடிக்கப் பறந்தா போகும், குழுவில் இருக்கிறவர்கள் எல்லாம் நாற்காலியைத் தேய்க்கத்தான் லாயக்கு என்று பத்து நிமிடம் பொழிந்து தள்ளுகிறார். அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்து ‘உம்’ கொட்டுகிறார். மூச்சு வாங்குவதற்காக ஆட்டுக்காரர் நிறுத்தினால், “ரோட்டுக்காரங்களை விட்டுட்டீங்களே. போன தடவை அவங்களையும் சேர்த்துத்தானே திட்டுனீங்க?” என்று எடுத்துக் கொடுக்கிறார். ஆட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்த பிறகு முன்போலத் திட்டுவது யாருக்கும் கஷ்டம். உள்ளேயிருந்து டீ வருகிறது.

மறுநாள் கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் நாள் ஆறு வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய், அவரவர் வசவை அவரவர் இடத்திலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுவது அக்காவின் வழக்கம். “கூட்டத்துக்கு வர்றப்போ வயிறு காலியா இருக்கணும்ங்க. அப்பத்தான் வேலை உள்ள இறங்கும்” என்பார். காகிதத்தில் அவருக்குப் ‘பள்ளத்தாக்குக் கூட்டுக்குழு ஒருங்கிணைப்பாளர்’ என்று ஒரு முழ நீளப் பதவி இருக்கிறது. அதை யாரும் சொல்லி முடிப்பதில்லை. பாதிப்பேருக்கு அவர் அக்கா, மூத்தவர்களுக்கு ‘ஏம்மா’, முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் புகார்ப்பெட்டி. அந்தப் பெயர் தனக்குத் தெரியும் என்பதையும் அவர் மறைப்பதில்லை. “பெட்டிதானே? பூட்டு இல்லாத பெட்டி, தாராளமா போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

வயது ஐம்பத்துமூன்று. இதற்கு முன்னால் இருபத்தோரு வருடம் தொலைபேசி அலுவலகத்தில் புகார் கேட்கும் மேஜையில் இருந்தார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களின் கோபத்தை நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. அங்கே அவர் படித்த பாடம் ஒன்றுதான்: கத்துகிறவனுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. லைனைத் துண்டித்துவிட்டுப் போனவன் திரும்ப வரமாட்டான். அந்த மேஜையை எடுத்துவிட்டு எந்திரக் குரலை வைத்தபோது அக்கா வேலை இழந்தார். குழுவுக்கு அப்போது ஆள் தேவைப்பட்டது. வந்திருந்த மூன்று பேரில் மற்ற இருவரும் நேர்காணலிலேயே ஆட்டுக்காரரோடு சண்டை போட்டதால் இவருக்குக் கிடைத்தது.

பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. இரண்டு சரிவுகள், நடுவே ஓடை, ஓடைக்கு இருபுறமும் இடுப்பளவு புல், மேட்டில் கல்லை அடுக்கிக் கட்டிய நீள நீளமான ஆட்டுச் சுவர்கள். அத்தனையும் தானாக அப்படி இருக்கிறது என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆடு மேயாவிட்டால் மேடு முழுக்க முட்செடி ஏறிவிடும். புல்லை வெட்டாவிட்டால் அடுத்த வருடம் பூ வராது, சீக்கிரம் வெட்டினால் குருவி தங்காது. சாலையோரச் சாக்கடை அடைத்தால் சுவர் சரியும். இந்த நிலம் முழுக்க ஒருவருக்குச் சொந்தமில்லை. ஆட்டுக்காரர், பால்பண்ணைக்காரர், விடுதிக்கார அம்மா, சாலை மேஸ்திரி, நீர்த்துறை அதிகாரி, ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை எண்ணுகிற மருந்துக்கடைக்காரர் என ஆறு தரப்பு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆறு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் விலகினாலும் காகிதம் செல்லாது. “அழகு சும்மா இருக்காதுங்க. ஆறு பேரு ஓயாம சண்டை போட்டுக்கிட்டே இருந்தாத்தான் இருக்கும்” என்பது அக்காவின் கட்சி.

குழுவின் அலுவலகம் பழைய தபால் நிலையத்தின் பின்னறை. ஒரு நீள மேஜை, எட்டு நாற்காலி, மழைக்காலத்தில் சொட்டுகிற இடத்துக்குக் கீழே ஒரு வாளி. ஆகாத இரண்டு பேரை அக்கா ஒருபோதும் எதிரெதிரே உட்காரவைக்க மாட்டார். பக்கத்தில் பக்கத்தில்தான் போடுவார். எதிரே இருந்தால் முகத்தைப் பார்த்து முறைக்கலாம், பக்கத்தில் இருந்தால் முழங்கைதான் இடிக்கும் என்று அதற்கு விளக்கம். பையில் இரண்டு பேனா இருக்கும். ஒன்றில் மை கிடையாது. கோபத்தில் “என் பேரை அடிச்சிடுங்க, எழுதித் தர்றேன்” என்று எழுந்து நிற்கிறவருக்கு அந்தப் பேனாவைத்தான் நீட்டுவார். அவர் உதறி உதறிப் பார்த்து, காகிதத்தில் கிறுக்கிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்குவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். மேஸ்திரி மட்டும் இதைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் இப்போது சொந்தப் பேனாவோடு வருகிறார்.

கணவர் பஸ் ஓட்டுகிறார். சாதுவான மனிதர். “வெளிய போயி வண்டி வண்டியாத் திட்டு வாங்கிட்டு வந்துடறா. வீட்டுல நான் ஒரு வார்த்தை சொன்னா அது அவளுக்குத் தாலாட்டு மாதிரி இருக்குது, தூங்கிடறா” என்று பயணிகளிடம் சொல்லி வருத்தப்படுவார். சமையலறை ஜன்னலில் பள்ளத்தாக்கின் வரைபடம் ஒட்டியிருக்கிறது. அதனால் அந்த ஜன்னலைத் திறக்க முடியாது என்பது அவருடைய இன்னொரு வருத்தம்.

இப்படிப்பட்டவருக்குப் போன வருடம் சறுக்கியது. எல்லாரையும் சமாளித்தவர், குருவி விஷயத்தில் கோட்டை விட்டார்.

பால்பண்ணைக்காரரின் புல்வெளிதான் பள்ளத்தாக்குக்கு நடுவில் இருக்கிறது. அது போனால் முன்பல் விழுந்த வாய்தான். அந்தப் புல்லுக்குள் தரையோடு தரையாகக் கூடு கட்டுகிற வானம்பாடிகள் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தன. புல் வெட்டும் எந்திரம் கூட்டையும் சேர்த்து அரைத்துவிடுகிறது என்று மருந்துக்கடைக்காரர் கணக்கோடு சொன்னார். அக்கா பால்பண்ணைக்காரரிடம் போய், கல்லில் நார் உரிப்பதுபோல மூன்று மாதம் பேசி, இரண்டு வாரம் தள்ளி வெட்டச் சம்மதம் வாங்கினார். அத்தோடு விட்டிருக்கலாம். கூடு இருக்கும் இடம் எந்திரம் ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டுமே என்று, வீட்டிலிருந்த வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கிழித்துக் குச்சிகளில் கட்டி, பதினோரு கூட்டுக்குப் பக்கத்திலும் தானே நட்டுவிட்டு வந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. விடுதிக்கார அம்மா போட்டோ எடுத்து மாட்டிவைத்தார்.

மூன்றாம் நாள் பதினோரு கூடும் காலி. குஞ்சு இல்லை, முட்டை ஓடுதான் கிடந்தது. மருந்துக்கடைக்காரர் அரை நாள் சுவர்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்: காக்கைகள் குச்சி குச்சியாக வந்து இறங்குகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது. குச்சி நடாமல் இருந்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். பத்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாமல் பெய்து, வெட்டாமல் நின்ற புல் முழுக்கச் சாய்ந்து அழுகியது. யாருக்காகக் காத்திருந்தாரோ அந்தக் குருவியும் இல்லை, புல்லும் இல்லை. குளிர்காலத் தீவனத்துக்கு வழியில்லாமல் பால்பண்ணைக்காரர் இரண்டு கறவை மாடுகளை விற்றார்.

நரி வந்து தின்றுவிட்டது என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மருந்துக்கடைக்காரரே அப்படித்தான் யோசனை சொன்னார். அக்கா கூட்டக் குறிப்பில், ‘குச்சி நட்டது தவறு. காக்கைக்கு அடையாளம் காட்டிவிட்டோம். யோசனை ஒருங்கிணைப்பாளருடையது, உறுப்பினர்களுடையது அல்ல’ என்று எழுதி, ஆறு பேருக்கும் நகல் அனுப்பினார். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க எனக்குத் தெரியாது தம்பி. நான் அவ்ளோ சோறும் சாப்பிடறதில்ல” என்று மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாராம்.

ஐந்து பேர் திட்டினார்கள். பாக்கி ஒருவர்.

இந்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வருடம். அக்கா முறைப்படி பால்பண்ணைக்காரர் வீட்டுக்குப் போனார். எப்போதும் தொழுவத்திலிருந்தே “வந்துட்டியா? இன்னிக்கு என்ன வம்பைக் கூட்டிட்டு வந்தே?” என்று குரல் கொடுக்கிற மனிதர், அன்றைக்குக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாற்காலி எடுத்துப் போட்டார்.

“வாங்க மேடம். உக்காருங்க.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணே, நான் திட்டு வாங்கத்தான் வந்தேன். நல்லா நாலு வார்த்தை கேளுங்க.”

“எதுக்கு மேடம்? நீங்க உங்க வேலையைப் பாத்தீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

தொழுவத்தில் இரண்டு கட்டுமிடங்கள் காலியாக இருந்தன. சாணம் இல்லாமல் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். பின்வாசல்வரை கூடவந்த பால்பண்ணைக்காரரின் மனைவி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அவரு கையெழுத்து போடறதா இல்லீங்க. அருவி பாக்க வர்றவங்க வண்டி நிறுத்தறதுக்கு இந்த நிலத்தைக் கேட்டு ஒருத்தர் வந்துட்டுப் போனாரு. இவரு அவரை உக்காரவெச்சு ரெண்டு மணி நேரம் பேசுனாரு. மாசக் கடைசியில சொல்றேன்னுட்டாரு.”

வீட்டுக்கு வந்த அக்கா சாப்பிடவில்லை. கணவர் என்னவென்று கேட்டதற்கு, “என்னை மேடம்னு சொல்லிட்டாருங்க” என்றார். மேடம் என்றால் மரியாதைதானே என்றார் அவர். “அது மரியாதை இல்ல. வெளிய போன்னு சொல்றது” என்று சொல்லிவிட்டு அக்கா அழுதார். இருபத்தோரு வருடம் புகார் மேஜையில் இருந்தபோதுகூட அவர் அழுது கணவர் பார்த்ததில்லை. வண்டி நிறுத்துமிடம் வந்துவிட்டால் குழு இருக்காது, அக்காவுக்கு வேலை இருக்காது. அதெல்லாம்கூட அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த இரண்டு காலி இடங்கள்தான் கண்ணைவிட்டு அகலவில்லை.

நான்கு நாள் கழித்து மறுபடியும் போனார். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை.

“அண்ணே, கையெழுத்தைப் பத்திப் பேச வரல. இந்த வருஷம் உங்க தேதிக்கே வெட்டுங்க, ஒருநாள்கூடத் தள்ள வேணாம். குச்சி கிடையாது, துணி கிடையாது. வெட்டற அன்னிக்கு எங்களை உள்ள நிக்க மட்டும் விடுங்க. கூடு இருக்கற இடத்துல ஒரு ஆளு நிக்கும். நீங்க அந்த ஆளைச் சுத்திப் போயிடுங்க. அவ்ளோதான்.”

பால்பண்ணைக்காரர் கொஞ்ச நேரம் எந்திரத்தின் கத்திகளுக்கு எண்ணெய் போட்டார். “நிக்கறதுன்னா நில்லுங்க மேடம். மிஷின் நிக்காது.”

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்து வீட்டுக்கும் ஏறி இறங்கினார். திட்டு வாங்க இந்த முறை நேரமில்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டாராம். வெட்டும் நாளன்று காலையில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மருந்துக்கடைக்காரர் முந்தின நாள் முழுக்கச் சுவரில் இருந்தபடியே, தாய்ப்பறவை எங்கே இறங்குகிறது என்று பார்த்துக் குறித்து வைத்திருந்தார். ஐந்து கூடுகள். ஒன்றன் பக்கத்தில் ஆட்டுக்காரர், ஒன்றில் மேஸ்திரி, ஒன்றில் விடுதிக்கார அம்மா, ஒன்றில் நீர்த்துறை அதிகாரி, ஒன்றில் அக்கா. ஆட்டுக்காரரும் மேஸ்திரியும் பதினைந்து வருடமாக முகம் பார்த்துப் பேசாதவர்கள். இப்போது இடுப்பளவு புல்லில் முப்பதடி இடைவெளியில் எதிரெதிரே நின்றார்கள். நகரவும் முடியாது. எந்திரச் சத்தத்தில் சண்டை போட்டாலும் கேட்காது. நீர்த்துறை அதிகாரி இஸ்திரி போட்ட பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார்.

எந்திரம் சுவரோரமாகத் தொடங்கியது. முதல் கூடு அக்கா நின்ற இடத்தில். பால்பண்ணைக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல், ஒரு கட்டில் அகலத்துக்குப் புல்லை விட்டு வளைந்து போனார். சொன்னபடி செய்தார், சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெட்டிய இடத்தில் பூச்சிகள் வெளிப்பட்டதும் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் இறங்க ஆரம்பித்தன. முதலில் இரண்டு, பிறகு ஏழெட்டு.

மருந்துக்கடைக்காரர் சுவரிலிருந்து குதித்து ஓடிவந்தார். “அக்கா, மறுபடியும் தப்புப் பண்ணிட்டோம். சுத்தி மொட்டையா வெட்டிட்டு அஞ்சு இடத்துல மட்டும் புல்லு நின்னா காக்காவுக்குத் தெரியாதா? இதுவும் குச்சிதான்க்கா. இன்னும் இருபது முப்பது இடத்துல சும்மாவாச்சும் இப்படி விட்டுவெச்சாத்தான் எதுல கூடு இருக்குன்னு அதுக்குக் குழம்பும்.”

“இருபது முப்பதா?”

“கேளுங்கக்கா. கேக்கலன்னா நாளைக்குக் காலையில எல்லாம் காலி.”

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். “வாயை மூடு தம்பி. என் பேச்சைக் கேட்டு ரெண்டு மாட்டை வித்த மனுஷன். அவர்கிட்டப் போயி, இன்னும் கொஞ்சம் புல்லை விடுங்கன்னு எந்த வாயால கேக்கறது?”

கேட்டால் கையெழுத்து போய்விடும். கேட்காவிட்டால் குருவி போய்விடும், அதுவும் தன்னாலேயே, அதுவும் இரண்டாவது முறை. அவர் காலருகே புல்லுக்குள் ஏதோ கீச்சிட்டது. அதைக் குனிந்து பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பி வந்த எந்திரம் அவர்களருகே வேகம் குறைந்தது. மருந்துக்கடைக்காரர் கையை ஆட்டிப் பேசியதைப் பால்பண்ணைக்காரர் பார்த்திருக்க வேண்டும். “என்ன மேடம்?” என்று மேலிருந்து கேட்டார்.

“ஒண்ணுமில்ல அண்ணே. மழை வருது. நீங்க வெட்டுங்க.”

அவர் உடனே கிளம்பவில்லை. அக்காவைச் சுற்றி நின்ற அந்தக் கட்டில் அகலப் புல்லைப் பார்த்தார். அதிலிருந்து நாலு எட்டு தள்ளி, தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்த காக்கையைப் பார்த்தார். மேற்கு வானத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கியரைப் போட்டுக்கொண்டு போனார்.

பத்தடி போனதும் எந்திரம் வளைந்தது. அங்கே ஆள் யாரும் நிற்கவில்லை. ஒரு கட்டில் அகலத்துக்குப் புல் அப்படியே நின்றது.

“அண்ணே!” என்று அக்கா கத்தினார். “அங்க ஒண்ணுமில்ல!”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் வளைந்தது. அதற்கப்புறம் இடதுபக்கம் ஒன்று, ஓடையோரம் ஒன்று. ஆட்டுக்காரரும் மேஸ்திரியும் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணே, அது சும்மாப் புல்லு! வீணாப் போவுது! அங்க கூடு இல்லண்ணே!”

எந்திரம் ஆறாவது முறை வளைந்தது. இன்னொரு தடவை கத்த வாயைத் திறந்த அக்கா, இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.